யாருக்கு யார் உறவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், காட்டு விலங்குகளின் எச்சத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த 26 வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஓர் உயிரின் ஜீனோமை, அதாவது அதன் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கும் மொத்த மரபுச் செய்தியையும், முழுக்கப் படிப்பதால், அருகிவரும் விலங்குகளுக்கும் நோய்த் தடுப்புக்கும் அப்படி என்ன நன்மை? இந்த முறை என் பக்கங்கள் அத்தனையும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): ஜீனோமை ‘வரிசைப்படுத்துகிறார்கள்’ என்று பாடத்தில் வருகிறது. எழுத்துகள் ஏற்கெனவே வரிசையாகத்தானே இருக்கின்றன? பிறகு எதை வரிசைப்படுத்துகிறார்கள்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது சரியான இடம். எழுத்துகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. அந்த வரிசை இன்னதென்று நாம் படித்து எழுதிக்கொள்கிறோம். அதற்குத்தான் அந்தப் பெயர்.

ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் (டி.என்.ஏ.வில் கோத்திருக்கும் நான்கு வேதிப்பொருள்களின் பெயர்ச் சுருக்கம்). மனித ஜீனோம் ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளம். காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம். கோவிட் வைரஸுக்கு 30 ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. (பல வைரஸ்களில் டி.என்.ஏ.வுக்குப் பதில் ஆர்.என்.ஏ. இருக்கும். பெரும்பாலும் அதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்துக்கொண்டுதான் படிப்பார்கள்.) 1977-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஃபிரெட் சாங்கரின் குழு, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு சின்ன வைரஸின் 5,386 எழுத்துகளைப் படித்ததே அன்றைக்குப் பெரிய சாதனை. மனித ஜீனோமுக்காகப் பல நாட்டு ஆய்வகங்கள் 1990 முதல் 2003 வரை உழைத்தன. இன்றைக்கு ஒரே கருவி இரண்டே நாளில் பல பேருடைய ஜீனோமைப் படித்துத் தள்ளிவிடும்.

ஆனால் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஒரு சுவடியின் பல பிரதிகளைக் கண்டபடி கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு துண்டின் கடைசி வரி இன்னொரு துண்டின் முதல் வரியோடு பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து முழு நூலையும் மீட்டெடுப்பது போன்ற வேலை.

சுவடி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் எழுத்துகளை, குறித்து வைப்பார்கள். பெயர்த்து எழுதுகிறவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அந்தப் பிரதியைப் பார்த்து எழுதிய எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பிழை தொடரும். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டுக்கும் தாய்ச்சுவடி ஒன்றுதான் என்று ஊகிக்கலாம். உயிர்களிலும் இதே கதைதான். ஜீனோம் படியெடுக்கப்படும்போதெல்லாம் சில எழுத்துகள் மாறிப்போகின்றன. எந்த மாற்றம் யார் யாரிடம் பொதுவாக இருக்கிறது என்று பார்த்தால், யாருக்கு யார் நெருங்கிய உறவு என்பது தெரிந்துவிடும். விலங்குகளில் உறவுமுறை தெரிந்தால், எதை எதனோடு இணைசேர விடலாம் என்று முடிவெடுக்கலாம். கிருமிகளில் உறவுமுறை தெரிந்தால், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று சொல்லலாம். கீழே வரும் பதில்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வேரிலிருந்து கிளைத்தவை.

கேள்வி (வாசகி ஒருவர்): இதற்காக அந்த வாயில்லாத ஜீவன்களைப் பிடித்து, ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டுமா? அதுவே ஒரு துன்புறுத்தல் இல்லையா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது அம்மா. எச்சம், உதிர்ந்த முடி, விழுந்த இறகு, கொன்ற இரையின் மேல் ஒட்டியிருக்கும் எச்சில், இவை போதும். எச்சம் குடலைக் கடந்து வரும்போது குடல் சுவரின் செல்கள் அதன் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் உள்ளே தோண்டாமல் மேல்பூச்சை மட்டும் மெல்லச் சுரண்டி, ஆல்கஹால் உள்ள குழாயில் போட்டு மூடுவோம். வெயிலில் காய்ந்ததும் மழையில் ஊறியதும் அனேகமாக வீண்தான். கிடைக்கும் டி.என்.ஏ.விலும் பெரும்பகுதி குடல் பாக்டீரியாவுடையதும் தின்ற இரையுடையதுமாக இருக்கும். நாம் தேடும் விலங்கினுடையது அதில் ஒரு சின்னப் பங்கு. ஓர் இனத்தின் ஜீனோமை முதன்முதலாக, விடுபடல் இல்லாமல் படிக்கத்தான் நல்ல ரத்தமோ திசுவோ வேண்டும். அதையும், கழுத்துப்பட்டை மாட்டவோ சிகிச்சைக்கோ மயக்க மருந்து கொடுத்திருக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்வதுதான் முறை.

இந்த வேலையில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேர்ந்து மூன்றாவது வருடம். நடுவில் நெடுஞ்சாலையும் வயல்களும் பிரிக்கும் இரண்டு காடுகளில், ஒரே பெண் விலங்கின் எச்சம் ஒரே வாரத்தில் கிடைத்திருப்பதாக முடிவு வந்தது. விலங்குகள் கடந்துபோக இன்னும் ஒரு வழி மிச்சமிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆய்வகமே உற்சாகமாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து, குழாய்களை முதலிலிருந்து சரிபார்த்தபோது உண்மை தெரிந்தது. இரண்டு குழாய்களின் மேல் எழுதியிருந்த எண் கசிந்த ஆல்கஹாலில் கரைந்திருந்தது. நான் ஊகத்தில் திரும்ப எழுதியிருந்தேன். ஒரே எச்சத்தின் மாதிரியே இரண்டு பெயரில் கருவிக்குள் போயிருக்கிறது. அந்த முடிவு வெளியே போய், இல்லாத வழியைக் காப்பாற்ற ஆளும் பணமும் செலவாகி, உண்மையான வழி கைவிடப்பட்டிருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி (வங்கி ஊழியர்): ஓர் இனத்தில் இருநூறு, முந்நூறுதான் மிச்சம் என்றால், அவற்றுக்கு வேலி போட்டுக் காவல் காத்தால் போதாதா? ஜீனோமைப் படித்து என்ன ஆகப்போகிறது?

பதில்: காவல்தான் முதல் வேலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் காவல் மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு. அதற்கு நியூசிலாந்தின் காகாபோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காகாபோ பறக்கத் தெரியாத, இரவில் நடமாடும், குண்டான பச்சைக் கிளி. மனிதர்கள் கொண்டுவந்த பூனை, எலி, ஸ்டோட் என்ற சின்ன ஊனுண்ணி ஆகியவற்றுக்கு இரையாகி, 1995-இல் மொத்தம் 51 பறவைகளில் வந்து நின்றது. மிஞ்சியவற்றை இரைகொல்லிகள் இல்லாத சிறு தீவுகளுக்குக் கொண்டுபோய்க் காத்தார்கள். எண்ணிக்கை ஏறியது. ஆனால் இடும் முட்டைகளில் பெருமளவு பொரிக்கவில்லை. காவலால் தீராத சிக்கல் அது. எல்லாப் பறவைகளும் ஒன்றுக்கொன்று பங்காளிகள்.

ஏறக்குறைய எல்லாமே ஸ்டூவர்ட் தீவிலிருந்து வந்தவை. ஒரே ஒரு ஆண் மட்டும் 1975-இல் ஃபியோர்ட்லாந்து என்ற நிலப்பரப்பில் கிடைத்தது. அதற்கு ரிச்சர்ட் ஹென்றி என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்துப் பறவைகளுக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாடுபட்டவரின் பெயர். தீவுப் பறவைகளிடம் இல்லாத பாடங்கள் (சுவடியில் சொன்ன எழுத்து வேறுபாடுகள்) அந்த ஒரு பறவையிடம் இருந்தன. அதன் வழி வந்த குஞ்சுகளும் பேரக்குஞ்சுகளும் இணைசேர்வது ஏன் அத்தனை முக்கியம் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

பிறகு அங்கே ஒரு துணிச்சலான வேலையில் இறங்கினார்கள். உயிரோடு இருக்கும் அத்தனை காகாபோக்களின் ஜீனோமையும் படிப்பது. ஓர் இனத்தின் ஏறக்குறைய எல்லா உறுப்பினர்களுக்கும் இப்படிச் செய்தது அபூர்வம். 169 பறவைகளின் ஜீனோம் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. எந்தப் பறவையை எந்தத் தீவில் விடுவது, எந்த ஆணின் விந்தைச் செயற்கை முறையில் பயன்படுத்துவது, எந்த வம்சத்தில் குஞ்சுகள் மெதுவாக வளர்கின்றன, யாருக்கு நோய் தாக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையெல்லாம் இனி ஊகத்தில் சொல்ல வேண்டியதில்லை. நோய் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. 2019-இல் குஞ்சுகள் நிறையப் பொரித்த அருமையான பருவத்தில், நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை புகுந்து ஒன்பது பறவைகளைக் கொன்றது. இருநூறு சொச்சத்தில் ஒன்பது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு முடிவும் உண்டு. ஸ்டூவர்ட் தீவுப் பறவைகள் சுமார் 10,000 ஆண்டுகள் சிறு கூட்டமாகத் தனித்து வாழ்ந்தவை. தீய மாற்றங்கள் குவிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2021-இல் பழைய அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, அழிந்துபோன நிலப்பரப்புப் பறவைகளைவிட இவற்றிடம் தீய மாற்றங்கள் குறைவாக இருந்தன. காரணம் இதுதான்: பெருங்கூட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து வந்த கெட்ட மாற்றம், பெற்றோரில் மற்றவரிடமிருந்து வந்த நல்ல இணைப்பிரதியின் பின்னால் ஒளிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கும். சிறு கூட்டத்தில் தாய், தந்தை இரண்டு பக்கத்திலிருந்தும் அதே கெட்ட பிரதி வந்து சேர்ந்துவிடும். அந்தக் குஞ்சு பிழைக்காது. அதோடு அந்த மாற்றமும் போய்விடும். கொடுமையான களையெடுப்புதான். ஆனாலும் அதன் மிச்சம்தான் இன்றைக்கு இருக்கும் பறவைகள்.

கேள்வி (வனத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்): மரபு வேறுபாடு வற்றிப்போன இனம் எப்படியும் அழியத்தான் போகிறது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அப்படியானால் அவற்றுக்குச் செலவழிப்பது வீண்தானே?

பதில்: ஐயா, இந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ‘அழியத்தான் போகிறது’ என்று சொல்ல ஜீனோமைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வகீட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகச் சிறிய கடற்பன்றி. மிஞ்சியவை பத்து, அதற்கும் குறைவு என்றுகூடச் சொல்கிறார்கள். டோடோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குக் கள்ளச்சந்தையில் பெரிய விலை. அந்த மீனுக்காக விரிக்கும் செவுள்வலையில் வகீட்டா சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது. அதன் மரபு வேறுபாடு மிகக் குறைவு என்பது உண்மை. 1985 முதல் 2017 வரை சேர்த்து வைத்திருந்த மாதிரிகளிலிருந்து 20 வகீட்டாக்களின் ஜீனோமைப் படித்துப் பார்த்தார்கள். அந்த இனம் நேற்று வற்றிப்போனதில்லை, பல்லாயிரம் ஆண்டுகளாகவே சில ஆயிரம் என்ற அளவில் வாழ்ந்து பழகியது என்று தெரிந்தது. கடுமையான தீய மாற்றங்கள் ஏற்கெனவே களையப்பட்டிருந்தன. 2022-இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி, வலைச்சாவு முற்றிலும் நின்றால் இனம் அழியும் வாய்ப்பு 6 விழுக்காடுதான். 80 விழுக்காடு மட்டும் குறைத்தால் அழியும் வாய்ப்பு 62 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. அதாவது வகீட்டாவைக் கொல்வது வலை. ஜீனோம் அந்தப் பழியிலிருந்து விடுபட்டுவிட்டது. இனி வலையை நிறுத்தாததற்கு யாரும் உயிரியலைக் காரணம் காட்ட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஃபுளோரிடாவின் பூமாக்கள் இருபது முப்பதாகக் குறைந்தபோது வால் நுனி மடங்கி, இதயக் கோளாறோடு குட்டிகள் பிறந்தன. விந்தகம் இறங்காத ஆண்கள் நிறைய. அங்கே காவல் மட்டும் போதவில்லை. 1995-இல் டெக்ஸாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கோளாறுகள் குறைந்தன, எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று இணைந்து, கறுத்துத் தெரியும் புலிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உயிரியலாளர் உமா ராமகிருஷ்ணனின் குழு 2021-இல் அதற்குக் காரணமான ஒரே ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடித்தது. வேறெந்தக் காட்டிலும் காணக் கிடைக்காத அந்த நிறம், அங்கே ஏறக்குறைய 37 விழுக்காடு புலிகளிடம் இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து நெடுங்காலம் புது வரவு இல்லாமல் போனதன் அறிகுறியும் அதுதான்.

ஒரே மாதிரி வறுமை, வைத்தியம் வேறு வேறு. எந்த இனத்துக்கு எது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறோம்.

கேள்வி (செவிலியர்): நோய் பரவிக்கொண்டிருக்கும்போது கிருமியின் ஜீனோமைப் படித்து உட்கார்ந்திருக்க நேரம் ஏது? நோயாளியைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா?

பதில்: நோயாளியைப் பார்ப்பவர்களே எழுத்தையும் பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, சியரா லியோனின் கெனிமா மருத்துவமனையில் 78 நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து 99 வைரஸ் ஜீனோம்களைப் படித்தார்கள். அன்றைக்கு விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்றுதான். வைரஸ் காட்டு விலங்குகளிடமிருந்து திரும்பத் திரும்ப மனிதருக்குத் தாவுகிறதா, அல்லது ஒருமுறை தாவிவிட்டு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறதா? முதலாவது என்றால் வேட்டை இறைச்சியைத் தொடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால் நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்ய வேண்டும். ஆளும் நேரமும் போதாத இடத்தில் இது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. ஜீனோம்கள் எல்லாம் ஒரே தாய்ச்சுவடியின் பிரதிகள் என்று தெரிந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான். அந்த ஆய்வறிக்கை அச்சாவதற்குள், அதை எழுதியவர்களில் ஐந்து பேர் எபோலாவுக்கே பலியாகியிருந்தார்கள். அங்கே எபோலா சிகிச்சையை முன்நின்று நடத்திய மருத்துவர் ஷேக் உமர் கானும் அவர்களில் ஒருவர். அந்த 99 வரிசைகளை நான் அந்த நினைவு இல்லாமல் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் கினியாவில், கைக்குள் அடங்கும் கருவியைப் பெட்டியில் எடுத்துப் போய் நோய் நடக்கும் இடத்திலேயே படித்தார்கள். மாதிரி வந்த ஒன்றிரண்டு நாளில் முடிவு. 2021-இல் அதே கினியாவில் எபோலா மறுபடி தலைகாட்டியபோது, வைரஸின் எழுத்துகள் ஐந்து வருடத்துக்கு முந்தைய வைரஸிலிருந்து மிகச் சில இடங்களில்தான் மாறியிருந்தன. விலங்குகளிடையே இத்தனை காலம் சுற்றியிருந்தால் மாற்றங்கள் பல மடங்கு இருந்திருக்கும். பிழைத்த ஒருவரின் உடலில் அது அடங்கிக் கிடந்திருக்கிறது. பிழைத்தவர்களை ஒதுக்கிவைக்க இதை யாரும் காரணமாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அவர்களுக்கு வருடக்கணக்கில் தொடர்ந்த மருத்துவக் கவனிப்பு தேவை என்பதே இதன் பொருள்.

உங்கள் பணியிடத்துக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்கிறேன். 2011-இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் மருத்துவமனையில், மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா பாக்டீரியாவோடு ஒரு நோயாளி வந்தார். தனி அறையில் வைத்துப் பார்த்து அனுப்பியும்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொருவரிடம் அதே பாக்டீரியா. மொத்தம் 18 பேருக்குத் தொற்றியது, அந்தத் தொற்றால் மட்டும் ஆறு பேர் இறந்தார்கள். இது புதிதாக வெளியிலிருந்து வந்ததா, முதலாமவரிடமிருந்து வந்ததா? ஜீனோம்களை அடுக்கிப் பார்த்ததில், எல்லாமே முதலாமவரின் வழிதான் என்பதும், அவரிடமிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கிளம்பியிருக்கிறது என்பதும் தெரிந்தது. சுத்தம் செய்து வைத்திருந்த சுவாசக் கருவியிலும் அது இருந்தது. உங்களைப் போன்றவர்கள் கை கழுவுவதையும் கருவி துடைப்பதையும் சாதாரண வேலையாக நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி): அமெரிக்காவில் கறவைப் பசுக்களுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததே, அதிலும் இப்படிச் சொல்ல முடிந்ததா?

பதில்: முடிந்தது அம்மா. எபோலாவில் கேட்ட அதே கேள்விதான். 2024 மார்ச்சில் பசுக்களிடம் ஹெச்5என்1 உறுதியானபோது, காட்டுப் பறவைகள் ஒவ்வொரு பண்ணையிலும் தனித்தனியாகத் தொற்ற வைக்கின்றன என்று நினைக்க இடமிருந்தது. ஜீனோம்களோ 2023 இறுதிவாக்கில் ஒரே ஒருமுறை தாவியதையும், பிறகு பசுவிடமிருந்து பசுவுக்குப் பரவியதையும் காட்டின. கவனம் பறவைகளிடமிருந்து கால்நடைப் போக்குவரத்துக்கும் பால் கறக்கும் கருவிக்கும் திரும்பியது. 2025 தொடக்கத்தில் நெவாடாவில் வேறொரு வகை தனியாகப் பசுக்களுக்குள் வந்ததும் இதே வழியில்தான் தெரிந்தது.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): விலங்குப் பாதுகாப்பு, நோய்த் தடுப்பு இரண்டும் ஒரே இனத்தில் சந்தித்த உதாரணம் உண்டா?

பதில்: தாஸ்மேனிய டெவில். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில் வாழும், பையில் குட்டி வளர்க்கும் ஊனுண்ணி. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குப் பக்கம் போதாமல் போகும்.

1996-இல் தாஸ்மேனியாவின் வடகிழக்கில், முகம் முழுக்கக் கட்டிகளோடு ஒரு டெவில் படமெடுக்கப்பட்டது. கட்டி பெரிதாகி, தின்ன முடியாமல் மாதக்கணக்கில் வாடிச் சாகும் நோய். பரவிய பல இடங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் டெவில்கள் மறைந்தன. வைரஸ் இருக்குமோ என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. புற்றுச் செல்லே தொற்றுநோயாக இருந்தது. இரைக்காகவும் இணைசேரும்போதும் டெவில்கள் ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்ளும். கடிக்கும்போது உயிருள்ள புற்றுச் செல்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வேர்பிடிக்கின்றன. வேற்று உடலின் செல்லை எதிர்ப்பாற்றல் ஏன் விட்டுவைக்கிறது? தான் யார் என்று காட்டும் மேற்பரப்பு அடையாளங்களை அந்தச் செல் ஒளித்துவிடுகிறது.

ஜீனோமைப் படித்ததும் கதை வெளிவந்தது. தீவின் இந்தக் கோடியில் இருக்கும் டெவிலின் கட்டியும் அந்தக் கோடியில் இருப்பதன் கட்டியும் ஒரே வம்சம். கட்டியின் ஜீனோம், அதைச் சுமக்கும் விலங்கின் ஜீனோமோடு பொருந்தவில்லை. எப்போதோ இறந்துபோன ஒரு பெண் டெவிலோடு பொருந்தியது. எழுத்து மாற்றங்களை எண்ணிப் பின்னோக்கிப் போனால் அது தோன்றியது 1986 வாக்கில். யார் கண்ணிலும் படாமல் பத்து வருடம் பரவியிருக்கிறது. 2014-இல் தெற்கே இன்னொரு கட்டி வந்தது. பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் அதன் செல்களில் ஒய் குரோமோசோம் இருந்தது. ஓர் ஆணிடமிருந்து தனியாகத் தோன்றிய வேறொரு தொற்றுப் புற்று. எழுத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துத் தடுப்பூசி தேடியிருப்பார்கள்.

2016-இல் வந்த ஆய்வு, நோய் தாக்கிய இடங்களில் நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள்ளேயே டெவில்களின் ஜீனோமில் எதிர்ப்பாற்றலோடும் புற்றோடும் தொடர்புள்ள சில பகுதிகள் மாறத் தொடங்கியிருப்பதைக் காட்டியது. நோயோடு போராடி மாறிவரும் கூட்டத்துக்குள், நோயே பார்க்காத காப்பக டெவில்களைக் கொண்டுபோய் விடலாமா? புது ரத்தம் சேரும் என்பது ஒரு வாதம். கைகூடி வரும் எதிர்ப்பாற்றல் நீர்த்துப்போகும் என்பது எதிர்வாதம். என்னைக் கேட்டால், இடத்துக்கு இடம் ஜீனோமைப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். காப்பகக் கூட்டத்தையும் ஒருபோதும் கைவிடக் கூடாது.

கேள்வி (வாசகர்): கடத்தப்பட்ட தந்தம் எந்தக் காட்டு யானையுடையது என்று கண்டுபிடிக்கிறார்களாமே?

பதில்: ஆம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாஸரின் குழு, ஆப்பிரிக்கா முழுவதும் யானை லத்தி சேகரித்து, எந்தப் பகுதி யானைக்கு எந்த மரபுக் குறிகள் என்று ஒரு வரைபடமே தயாரித்தது. தந்தத்தின் குறிகளை அதோடு ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும். இதற்கு முழு ஜீனோமும் வேண்டியதில்லை. 2022-இல், 49 பறிமுதல்களிலிருந்து 4,320 தந்தங்களை ஒப்பிட்டபோது, தாயின் தந்தம் ஒரு சரக்குப் பெட்டியிலும் மகளின் தந்தம் வேறு துறைமுகத்தில் பிடிபட்ட பெட்டியிலும் என்பது போன்ற உறவுகள் அகப்பட்டன. இரண்டு பெட்டிக்கும் பின்னால் இருப்பது ஒரே கும்பல் என்று வழக்கில் காட்ட அது உதவுகிறது. குடும்பம் குடும்பமாகக் கொன்றிருக்கிறார்கள் என்பதும் அதில்தான் தெரிகிறது.

கேள்வி (வாசகி): இறந்த விலங்கைக் குளோனிங்கில் உயிர்ப்பித்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் எதற்கு?

பதில்: குளோனிங்கால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. வட அமெரிக்காவின் கறுங்கால் ஃபெரெட் என்ற சின்ன ஊனுண்ணியை அழிந்துவிட்டதென்றே நினைத்திருந்தார்கள். 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அங்கிருந்து பிடித்த கடைசி 18-இல் வம்சம் தந்தவை ஏழுதான். இன்றைக்கு இருப்பவை அனேகமாக எல்லாமே அந்த ஏழின் பிள்ளைகள். வில்லா என்ற இன்னொரு பெண், வம்சம் தொடராமல் இறந்துபோனது. அதன் செல்களை 1988-இல் சான் டியேகோவில் உறைய வைத்திருந்தார்கள். ஜீனோமைப் படித்தபோது, இப்போதுள்ளவற்றிடம் இல்லாத பாடங்கள் அதில் ஏராளம். 2020 டிசம்பரில் அந்தச் செல்லிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தது. அதற்குக் குட்டி இல்லை. அதே செல்லிலிருந்து வந்த தங்கை அன்டோனியா 2024-இல் குட்டி போட்டது.

32 வருடத்துக்கு முன் உறைய வைத்த ஒரு சிட்டிகைத் திசுதான் இதற்கெல்லாம் ஆதாரம். புதைப்பதற்கு முன் கொஞ்சம் தோல் எடுத்து வைப்பதை எல்லா உயிரியல் பூங்காவும் பழக்கமாக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். ஆனால் ஃபெரெட் வாழப் புல்வெளி வேண்டும், அதன் இரையான பிரெய்ரி நாய்கள் என்ற கொறிணிகள் வேண்டும், ஃபெரெட்டையும் அந்த இரையையும் கொல்லும் பிளேக்கை அடக்க வேண்டும். செல்லில் இவை எதுவும் இல்லை.

கேள்வி (அதே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறேன். இப்போதிருந்தே என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: உயிரியலோடு புள்ளியியலையும் கணினி நிரல் எழுதுவதையும் விடாமல் படியுங்கள் தம்பி. கருவி தருவது கோடிக்கணக்கான துண்டுகள். அவற்றிலிருந்து உறவுமுறையைப் பிரித்தெடுப்பது கணக்குதான். விடுமுறையில் வாய்ப்புக் கிடைத்தால், மாதிரி சேகரிக்கப் போகிறவர்களோடு ஒருமுறையாவது நடந்து பாருங்கள்.

போகும்போது ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் மேல் பேனாவால் எழுதினால் ஆல்கஹால் பட்டதும் மை கரைந்துவிடும். இடம், நாள், எண் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போட்டுவிடுங்கள். வெளியிலும் ஒன்று ஒட்டுங்கள். அப்புறம் குறிப்பேட்டில் மூன்றாவது முறையாக எழுதுங்கள், அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே.